ஐந்து நிமிட வட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த வட்டத்தைப் போட்டது நான்தான். வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாமா என்று யோசித்துப் பார்த்தேன், முடியவில்லை. கையெழுத்து என்னுடையதாக இருக்கிறது.

நகரத் திட்ட அலுவலகத்தில் எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். புதுக் குடியிருப்பு வந்தால் தெரு எங்கே வளைய வேண்டும், சுவர் எங்கே நிற்க வேண்டும் என்று வரைபடம் போடுவது எங்கள் பிரிவு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலிடத்தில் ஒன்று கேட்டார்கள். ஒரு வீட்டிலிருந்து கடைக்கு நடந்து போகலாமா, முடியாதா? பார்த்ததும் சொல்கிற மாதிரி ஒரு வழி வேண்டும். நான் காம்பஸை எடுத்தேன். வரைபடத்தில் கடைமேல் முள்ளை ஊன்றி, நானூறு மீட்டருக்கு ஒரு சுற்று சுற்றினேன். உள்ளே விழுகிற வீடெல்லாம் ‘ஐந்து நிமிட நடை’, வெளியே விழுந்தால் இல்லை. அவ்வளவுதான். எல்லோரும் ஆஹா ஓஹோ என்றார்கள். அது எங்கள் அலுவலகத்தின் ஏழாவது விதியாகவே ஆகிவிட்டது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் அதுவே வட்டம் போட்டு, உள்ளே இருக்கிற வீட்டுக்கெல்லாம் பச்சை அடித்துவிடும். காம்பஸ் முள்ளுக்குச் சுவர் தெரியாது என்பது எனக்கும் தோன்றவில்லை, எனக்கு மேலே இருந்தவர்களுக்கும் தோன்றவில்லை. அந்தப் பச்சையைப் பார்த்து எத்தனை தடவை பூரித்துப் போயிருக்கிறேன்! நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

இனி அக்கா கதைக்கு வருகிறேன். என்னைவிட ஆறு வயசு மூத்தவள், தையல்காரி. அவள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு வணிக வளாகம். அங்கே மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி அவள் கடை. புதிதாகத் தைப்பதைவிடப் பிரித்துத் தைப்பதுதான் அதிகம். பேன்ட்டுக்கு நீளம் குறைக்க, ஜிப் மாற்ற, போன வருஷத்துச் சட்டையில் இந்த வருஷத்துத் தொப்பையை நுழைக்க. பதினாறு வருஷமாக அதே கடை. அத்தான் போன பிறகு அவளை எழுப்பி உட்கார வைத்ததே அந்தக் கடைதான், நானில்லை.

அவள் வீட்டு மாடி ஜன்னலில் நின்றால் கடைப் பலகையின் மேல்பாதி தெரியும். அவ்வளவு பக்கம். ஆனால் தெரு முட்டுச்சந்து. கடைசியில் ஆளுயரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வளாகத்துக் கார் நிறுத்தும் இடம். அதனால் தினமும் காரை எடுத்து, வளைந்து வளைந்து போகிற மூன்று தெருவைக் கடந்து, ஆறு வழி மெயின் ரோட்டில் ஏறி, சிக்னலில் நின்று, பெட்ரோல் பங்க்கைச் சுற்றிக்கொண்டு கடையில் போய் இறங்குவாள். தெருவை அப்படி வளைத்ததும் நான்தான். நேராக விட்டால் வண்டிகள் பறக்குமே என்று ஒரு நல்லெண்ணம்.

போன வருஷம் அக்காவுக்குப் பக்கப் பார்வை போய்விட்டது. ஊசிக் காதில் ஒரே குத்தில் நூல் கோர்ப்பாள், பக்கத்தில் யானை நின்றால் தெரியாது. கண் டாக்டர் இனி கார் ஓட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா மறுபேச்சுப் பேசாமல் சாவியை என் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து காலையில் அவளைக் கடையில் இறக்கி, சாயங்காலம் ஏற்றி, வீட்டில் விடுவது என் வேலை ஆயிற்று. எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை என்று வாய் சொல்லும். மூஞ்சி என்ன சொல்லுமோ தெரியாது. என் மூஞ்சி அக்காவுக்கு நேராகத்தானே இருக்கும், அதைப் பார்த்துவிடுவாள்.

ஒரு நாள் காரில் ஏறி பெல்ட் போடும்போதே சொன்னாள். “மூட்டை மாதிரி என்னை ஏத்தி ஏத்தி எறக்கறடி. மூணு மாசம் பாக்கறேன். அதுக்குள்ள நானா போக ஒரு வழி பொறக்கலேன்னா கடையை மூடிடறேன்.”

“மூடிட்டு?”

“மூடிட்டு என்ன? ஜன்னல்ல நின்னு பலகையைப் பாக்கறேன்.”

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, அந்தச் சுவர்மேல். அன்று மத்தியானமே பழைய வரைபடத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். தும்மித் தும்மிப் பார்த்ததில் ஒரு விஷயம் சிக்கியது. முட்டுச்சந்தின் கடைசி வீட்டை ஒட்டி மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு துண்டு நிலம், வளாகத்துச் சுவர்வரை நேராகப் போகிறது. அடியில் மழைநீர்க் குழாய். நிலம் நகராட்சிக்குச் சொந்தம். சுவரில் ஒரு வாசல் வெட்டினால் போதும், அக்கா வீட்டிலிருந்து கடைக்கு நடை இருநூற்றுச் சொச்சம் மீட்டர்தான்.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நேரில் போனேன். துண்டு நிலத்தில் கல் பாவி, இரண்டு பக்கமும் செடி வைத்து, நடுவில் உறை போட்டு மூடிய ஒரு கார். கடைசி வீட்டுக்காரருக்கு வாசலில் இரண்டு கார் ஏற்கெனவே உண்டு. அக்காவும் நானும் அவருக்கு வைத்த பெயர் மூணுகார். தெருவில் மற்றவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்களோ, யாரும் யாரிடமும் பேசுவதில்லை என்பதால் தெரியாது.

“இது என் எடம்மா,” என்றார்.

“எந்தப் பத்திரத்துல சார் இருக்கு?”

“பதினஞ்சு வருஷமா நான்தான் புல் வெட்டறேன்.”

“ரொம்ப சந்தோஷம். நகராட்சியிலேர்ந்து நன்றிக் கடிதம் அனுப்பச் சொல்றேன்.”

“வழிய விட்டா கண்டவனும் வருவான். திருடன் வருவான்.”

“திருடன் உங்க டிவியத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு நடந்தா போகப்போறான்? அவனும் கார்லதான் சார் வருவான்!”

கதவைப் படாரென்று சாத்தினார். நான் கொஞ்சம் பணிவாகப் பேசியிருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு எப்போதும் காரில் திரும்பி வரும்போதுதான் வரும்.

அக்கா பெயரில் நடைவழி கேட்டு விண்ணப்பம் போட்டோம். சொந்த அக்கா என்பதால் கோப்பை நான் தொடக் கூடாது. பக்கத்து மேசைக்காரரிடம் போயிற்று. பத்தே நாளில் திரும்பி வந்தது. “விண்ணப்பதாரரின் வீடு ஏற்கெனவே ஐந்து நிமிட நடை வட்டத்துக்குள் அமைந்துள்ளது. ஆகவே நடைவழி அவசியமில்லை. ஆதாரம், விதி ஏழு.”

“என்ன அநியாயம் இது!” என்று அவர் மேசையைத் தட்டினேன்.

“உங்க விதிதானே மேடம்,” என்று பல்லைக் காட்டினார். “பாருங்க, உங்க அக்கா வீடு பச்சைலயும் நல்ல கரும்பச்சை.”

என் முகத்தில் ஈயாடவில்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து என் காம்பஸ் என் அக்காவையே குத்தும் என்று எனக்குத் தெரியுமா? அன்று சாயங்காலம் காரில் அவளிடம் நடந்ததைச் சொன்னேன், வட்டம் என்னுடையது என்பதையும் சேர்த்து. திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் “மேல் முறையீடு இருக்கா?” என்று மட்டும் கேட்டாள். இருந்தது. ஐந்து பேர் கொண்ட குழு, மாதம் ஒரு முறை கூடும்.

குழுத் தலைவர் ஒரு பல் டாக்டர். கூட்டத்தன்று வாசலில் ஐந்து கார் வந்து நின்றது, ஆளுக்கொன்று. நான் விண்ணப்பதாரரின் தங்கை என்று எழுதிக் கொடுத்திருந்ததால், “நீங்க அந்த மூலையில ஒக்காருங்க. வாயைத் திறக்கக் கூடாது,” என்றார் டாக்டர். வாழ்நாளெல்லாம் பார்க்கிறவர்களை வாயைத் திற, வாயைத் திற என்ற மனுஷன், என்னை மட்டும் மூடச் சொன்னார். நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூணுகார் முதலில் பேசினார். திருடன், பாதுகாப்பு, அமைதி என்று ஒரு மூச்சு. பிறகு பக்கத்து மேசைக்காரர் திரையில் வட்டத்தைப் போட்டுக் காட்டினார். பச்சைப் பசேலென்று இருந்தது. வக்கீலம்மா ஒருத்தி குழுவில் இருந்தாள், குதிகால் உயர்ந்த செருப்பு. “அஞ்சு நிமிஷந்தானே? நடக்கலாமே,” என்றாள். நான் பேனா மூடியை இரண்டாகக் கடித்துவிட்டேன்.

அக்கா எழுந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் அப்படியே தொங்குகிறது, கழற்ற மறந்து வந்திருக்கிறாள். வட்டத்தைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள்.

“சார், எனக்குப் படம் பாக்கத் தெரியாது. தைக்கத் தெரியும். துணிய மேசைல விரிச்சு அளந்தா அளவு சரியாத்தான் இருக்கும். ஆனா ஆள் மாட்டிப் பாக்காம நான் எதையும் வெளிய குடுக்க மாட்டேன். கை மடக்கினா பிடிக்கும், ஒக்காந்தா கிழியும், அதெல்லாம் மேசைக்குத் தெரியாது. இந்த வட்டத்த யாராவது மாட்டிப் பாத்தீங்களா?”

டாக்டர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார், அவர் திரையைப் பார்த்தார்.

“சனிக்கிழமை காலைல எங்க வீட்டுக்கு வாங்க. அங்கேர்ந்து என் கடைவரைக்கும் நடந்தே போவோம். அஞ்சு நிமிஷந்தானே? கடையில காப்பி தர்றேன்.”

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு எப்படி மாட்டேன் என்பது? சனிக்கிழமை முடிவாயிற்று. பேசக் கூடாது, ஆனால் அளக்கலாம் என்று எனக்கு அனுமதி கிடைத்தது. அலுவலகத்து அளவுச் சக்கரம் ஒன்று இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனால் எத்தனை மீட்டர் என்று காட்டும். அதை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. அக்கா வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம். முதல் தெருவில் எல்லோருக்கும் குஷிதான். இரண்டாம் தெரு வளைந்து எங்கேயோ போய், புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பி வந்தபோது ஒருத்தர், “இந்த மரத்த முன்னாடியே பாத்தமே?” என்றார். நான் தலையைக் குனிந்து சக்கரத்தைத் தள்ளினேன். மூன்றாம் தெருவில் நடைபாதை திடீரென்று நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அதைப் போட்டவனுக்குத்தான் வெளிச்சம். மெயின் ரோட்டில் நடைபாதையே கிடையாது. வெயிலில், ரோட்டு ஓரத்துப் புல்லில், ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். வக்கீலம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். வண்டியில் போகிறவர்கள் எங்கள் கார்தான் ரிப்பேர் என்று நினைத்து வேகம் குறைத்துப் பார்த்தார்கள். குழுவில் ஒருத்தர் அங்கேயே நின்று போன் பண்ணி, காரை வரவழைத்து வீட்டுக்குப் போயே போய்விட்டார்.

பிறகு சிக்னல். ஆறு வழி ரோட்டைக் கடக்க நடப்பவர்களுக்குப் பன்னிரண்டு விநாடி. நான் சக்கரத்தோடு முன்னால் போய்விட்டேன். அக்காவும் டாக்டரும் நடுவில் வரும்போதே விளக்கு மாறிவிட்டது. பக்கவாட்டிலிருந்து ஒரு கார் திரும்பியது. அக்கா நேரே பார்த்துக்கொண்டு நிதானமாக நடந்து வருகிறாள். அவளுக்கு அந்தப் பக்கம் உலகமே கிடையாது. நான் “அக்கா!” என்று கத்தினேன். டாக்டர் அவள் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஒரு முழம் தள்ளிக் கார் போயிற்று.

இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் டாக்டர் திரும்பி அந்த ரோட்டைப் பார்த்தார். “தினமும் இப்படியாம்மா வர்றீங்க?” என்றார்.

“இல்ல சார். நடந்து இன்னிக்குத்தான் வர்றேன். இதுக்குப் பயந்துதான் இத்தன நாளா வரல,” என்றாள் அக்கா.

என் கையால் போட்ட ரோடு. வரைபடத்தில் அது ஒரு சாம்பல் கோடு, அழகாக இருக்கும். மீதித் தூரம் முழுக்க அக்கா கையை நான் விடவே இல்லை, சக்கரத்தை வக்கீலம்மா தள்ளிக்கொண்டு வந்தாள்.

கடையில் போய் விழுந்தபோது சக்கரம் இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது மீட்டர் காட்டியது. ஐம்பத்தோரு நிமிஷம். இருந்தது மூன்று நாற்காலி. டாக்டர் துணி வெட்டும் மேசை விளிம்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அக்கா காப்பியைக் கொடுத்தாள். குடித்துக்கொண்டே வாசல் வழியாகப் பார்த்தவர், “அங்க, சுவருக்குப் பின்னால, நீலத் திரை போட்ட ஜன்னல் தெரியுதே, யார் வீடு?” என்றார்.

“என் வீடுதான் சார்.”

டாக்டர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு விண்ணப்பக் கோப்பைக் கேட்டு வாங்கினார். வெட்டுமேசையில் கிடந்த துணித் துண்டுகளை ஒதுக்கி, அங்கேயே குழுவில் மிஞ்சிய நான்கு பேரும் நடைவழிக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். டாக்டர் எனக்குப் பேச அனுமதி தந்து, “ஏழாவது விதி யார் எழுதினது?” என்றார். நான்தான் என்றேன். அசடு வழிந்ததைத் துடைக்கக் கர்ச்சீப் போதாது. “அப்ப நீங்களே மாத்தி எழுதுங்க. ஆள் நடந்து அளக்கற மாதிரி,” என்றார். திங்கட்கிழமையே எழுதினேன். பக்கத்து மேசைக்காரர் இப்போது வாரம் மூன்று நாள் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஊர் சுற்றுகிறார், என்னைப் பார்த்தால் பல்லைக் காட்டுவதில்லை.

ஏழு வாரத்தில் வேலை முடிந்தது. சுவரில் வாசல், சமமான பாதை, ஒரு விளக்கு, ஒரு பெஞ்ச், வண்டி நுழையாதபடி நடுவில் ஒரு கம்பம். மூணுகார் மூன்றாவது காரை எங்கே வைப்பது என்று என்னிடமே வந்து சண்டை போட்டார். வித்துடுங்க சார் என்றேன். பாதை திறந்த வெள்ளிக்கிழமை, மாடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று திருடனுக்காகக் காத்திருந்தார். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் போனாள். பள்ளிக்கூடப் பைகள் போயின. ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கும்போது அவரே அந்த வாசல் வழியாக ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தார்.

“சும்மா பாத்துட்டு வரலாம்னு போனேன்,” என்றார்.

“ரொட்டி எப்படி சார் இருக்கு?”

“சூடா இருக்கு,” என்று முனகிவிட்டு வீட்டுக்குள் போனார்.

அந்தச் சனி ஞாயிறு நானும் அக்காவும் பாதையில் நாலைந்து தடவை போய் வந்தோம். கம்பம் எங்கே, பெஞ்ச் எங்கே என்று அவள் மனசில் பதிய வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை வழக்கம்போல ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹார்ன் அடித்தேன். வரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காருக்குள் பாய்ந்தேன். முதல் தெரு, வளைவு, இரண்டாம் தெரு, வளைவு, ஒவ்வொரு வளைவிலும் அதைப் போட்டவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓட்டினேன். சிக்னல் எனக்கென்றே சிவப்பாக நின்றது. அந்தச் சிவப்பில் உட்கார்ந்திருந்த நேரத்தில் என் அக்காவுக்கு என்னென்னவோ ஆகி முடிந்துவிட்டது. பெட்ரோல் பங்க்கைச் சுற்றி, கோட்டுக்குக் குறுக்கே காரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கடை திறந்திருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா யாரோ ஒருத்தருடைய பேன்ட்டை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த கார் சாவியைப் பார்த்தாள்.

“எங்கேர்ந்துடி வர்ற?”

“உன் வீட்டுலேர்ந்து.”

“எப்படி வந்த?”

“கார்ல.”

அக்கா மிஷினை நிறுத்திவிட்டாள். அப்படி ஒரு சிரிப்பு, பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “அடிப்பாவி! வழிய வெட்டினதே நீதானேடி! நடந்து வந்தா நாலு நிமிஷம்!”

“போனை ஏன் எடுக்கல? ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பறதுக்கு என்ன? நான் உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு வர்றேன்...” என்று கத்த ஆரம்பித்தேன். கொப்புளம் வந்த கால்கூட இல்லாமல், குளுகுளு காரில் வந்த நான், அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அக்கா மிஷினை விட்டு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். என் தலையில் ஒட்டியிருந்த ஏதோ நூலை எடுத்துப் போட்டாள்.

“ஒரு வருஷமா எங்க போனாலும் உங்கிட்ட சொல்லித்தானே போனேன்,” என்றாள். “இன்னிக்கு யார்கிட்டயும் சொல்லாம கதவப் பூட்டிட்டுக் கிளம்பிப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சுடி. நாளைக்கும் சொல்ல மாட்டேன், போ.”